மாஸ்க் முதலில், மெஷின் பிறகு

"குடுத்து வச்ச மனுஷன். தலையணையில தலை பட்டதும் தூங்கிடுவாரு." நம் வீடுகளில் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறோம். அடுத்த அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்கிற அளவுக்குக் குறட்டை இருந்தாலும், அது ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் என்றே நினைக்கிறோம். அந்தக் குறட்டை திடீரென்று நிற்கும். பத்துப் பதினைந்து விநாடி சத்தமே இருக்காது. பிறகு ஒரு பெருமூச்சோடு, திணறலோடு மறுபடி தொடங்கும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு இது பல ஆண்டுகளாகத் தெரியும். டாக்டரிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சத்தமில்லாத அந்தப் பத்து விநாடிதான் நோய். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. காற்றுவழி குறுகலாக இருப்பவர்களுக்கு மூச்சை இழுக்க இழுக்க வழி மூடிக்கொள்ளும். ஊறிப்போன காகித உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்க முயன்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்புகிறது, தொண்டை திறக்கிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மூச்சு முழுதாக நிற்பதையும் பெருமளவு குறைவதையும் சேர்த்து மணிக்கு எத்தனை தடவை என்று எண்ணுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தூக்கம் கலைகிறது என்று பொருள். காலையில் எழுந்தவருக்கு இதில் ஒன்றுகூட நினைவிருக்காது. "எட்டு மணி நேரம் தூங்கினேன், ஆனாலும் அசதியா இருக்கு" என்பார்.

அசதியை வைத்து நோயைக் கண்டுபிடிப்பதும் இங்கே எளிதல்ல. காலை ஏழு மணிக்குக் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரும் கொம்யூட்டர் ரயிலில் ஏறிப் பாருங்கள். பெட்டியில் பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகளைக் கிளப்பி, மோட்டாரை ஸ்டேஷனில் போட்டுவிட்டு வந்தவர்கள். எல்லோரும் களைத்திருக்கும் ஊரில், அவர்களில் யாருக்குத் தொண்டை அடைக்கிறது என்று யார் பார்ப்பது? தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் உலகில் 30 முதல் 69 வயது வரையுள்ளவர்களில் 93 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இருக்கலாம் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கண்டறியப்படாதவர்கள்.

மலேசிய இந்தியர்களாகிய நாம் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 சதவீதம். நீரிழிவு, ரத்த அழுத்தம், தொப்பை, தடித்த கழுத்து ஆகியவற்றோடு சேர்ந்தே வரும் நோய் இது. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்படலாம். இதில் ஒரு பெரிய குழப்பமும் உண்டு. ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால் "சுகர் இருக்குல்ல, அதான்" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூச்சடைப்பும் காரணமாக இருக்கலாம். அதனால் நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவிசை இதயத்தைத் தூண்டி, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் இரவில் எழுந்துகொண்டே இருப்பவர் குறட்டையைப் பற்றியும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெண்களும்தான். மாதவிடாய் நின்றபின் இந்த நோய் பெண்களுக்குக் கூடுகிறது. ஆனால் அம்மா குறட்டை விடுகிறாள் என்று வெளியே சொல்ல வீட்டில் எல்லோருக்கும் கூச்சம்.

இன்றைய முக்கியச் சிகிச்சை 1981இல் வந்தது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்தால் தொண்டை மூடாமல் நிற்கும் என்று ஐந்து நோயாளிகளிடம் காட்டி, லான்செட் இதழில் எழுதினார். வாக்குவம் கிளீனர் மோட்டார்தான் தொடக்கக் கருவிகளின் காற்றுமூலம். மாஸ்க்கை ஒவ்வொருவர் முகத்துக்கும் வார்த்து, பசைபோட்டு ஒட்டினார்கள். இன்று சிபேப் என்று நாம் சொல்வது அதே தத்துவம்தான். அது ஆக்சிஜன் மெஷின் அல்ல, ஐசியு வெண்டிலேட்டரும் அல்ல. அறைக் காற்றையே அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்துவைக்கிறது, அவ்வளவுதான். இதைத் தெளிவாகச் சொன்னாலே பாதிக் குடும்பங்களில் பயம் போய்விடும். "அப்பாவுக்கு மெஷின் வச்சிட்டாங்களாம்" என்று சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிவரும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

கடையில் கேட்க வேண்டியது

தூக்கப் பரிசோதனை முடிந்து, டாக்டர் சிபேப் எழுதிக் கொடுத்ததும் எல்லோரும் கேட்பது "எந்தப் பிராண்ட் நல்லது?" என்பதுதான். ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ரெஸ்மெட் இருக்கிறது, சீனாவின் பிஎம்சி இருக்கிறது, இன்னும் பல உண்டு. விலை சில ஆயிரம் ரிங்கிட். இந்த விவாதத்தில் குடும்பமே இறங்கிவிடும். மருமகன் ஷாப்பியில் விலை பார்ப்பார், மகள் யூடியூபில் விமர்சனம் பார்ப்பாள். முகத்தில் ஒட்டப்போகும் மாஸ்க்கைப் பற்றி மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் பேசுவார்கள்.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. தரமான மெஷின்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிட, பொருந்திய மாஸ்க்குக்கும் பொருந்தாத மாஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மெஷின் அலமாரிக்குப் போவது பெரும்பாலும் மாஸ்க்கால்தான்.

"அங்கிள், இதுதான் இப்ப டாப் மாடல்" என்று கடைப் பையன் பெட்டியைத் திறக்கும்போது நீங்கள் கேட்க வேண்டியது, "தம்பி, மாஸ்க் போட்டுப் படுத்துப் பார்க்க இடம் இருக்கா?" என்பதுதான். நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் எல்லா மாஸ்க்கும் பொருந்தும். படுத்தால் கன்னத்துச் சதை பின்னால் இறங்கும், முக வடிவம் மாறும். பக்கவாட்டில் திரும்பினால் தலையணை மாஸ்க்கைத் தள்ளும். மெஷினும் ஓட வேண்டும், அதுவும் டாக்டர் எழுதிய அழுத்தத்தில். தொடக்கத்தில் மெஷின் நான்கு அலகில் மெல்ல ஊதும்போது எந்த மாஸ்க்கும் கசியாது. பன்னிரண்டுக்குப் போனதும்தான் மூக்கு ஓரத்தில் காற்று பீறிட்டுக் கண்ணுக்குள் அடிக்கும். மறுநாள் காலை கண் சிவந்து எரிவதற்குக் காரணம் இதுதான்.

பல் செட் வைத்திருக்கும் பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவில் செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குபவர் என்றால், கடையிலும் கழற்றிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். கூச்சப்பட்டு வாயில் வைத்துக்கொண்டே அளவு எடுத்தால் வீட்டில் உதட்டோரம் முழுக்க ஓட்டை.

மாஸ்க்கில் மூன்று வகை. மூக்குத் துளையில் பொருந்தும் சிறு தலையணை மாதிரியானது, மூக்கை மட்டும் மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. வாயைத் திறந்து தூங்குபவர்களுக்கு மூன்றாவது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். மூக்கு அடைப்பால் வாய் திறப்பவர்களுக்கு, மூக்கடைப்பைச் சரிசெய்தால் மூக்கு மாஸ்க்கே போதும். அது இலகு, கசிவும் குறைவு. நம் ஆண்களின் மீசை ஒரு தனி விஷயம். அடர்ந்த மீசையின் மேல் சிலிகோன் விளிம்பு உட்காராது, முடிகளுக்கிடையே காற்று வெளியேறும். மீசையை எடுக்கச் சொன்னால் பாதிப் பேர் சிகிச்சையையே விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு மூக்குத் துளை வகை பெரும்பாலும் வழி கொடுக்கிறது. படுக்கும் முன் முகத்துக்கும் தலைக்கும் எண்ணெய் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாஸ்க் போட வேண்டும். எண்ணெய்ப் பசையில் சிலிகோன் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.

சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால், அது நோயாளியாக இருந்தாலும் பக்கத்தில் படுப்பவராக இருந்தாலும், காந்தமில்லாத மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டோவா, நிலையான அழுத்தமா?

நிலையான சிபேப் இரவு முழுக்க ஒரே அழுத்தம் தரும். ஆட்டோ வகை தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். மல்லாந்து படுத்தால் அதிகமும் ஒருக்களித்தால் குறைவும் தேவைப்படும் பலருக்கு ஆட்டோ வசதியானது. இதற்கும் மேலே பைபேப் உண்டு, மூச்சை இழுக்க ஓர் அழுத்தம், விட ஓர் அழுத்தம். நுரையீரல் நோயோ, அதிக பருமனால் இரவில் கரியமில வாயு தேங்கும் நிலையோ உள்ளவர்களுக்கு டாக்டர் அதை எழுதுவார். விலை கூடுதல் என்பதால் சிபேப்பைவிடச் சிறந்தது என்று எண்ணி வாங்கக் கூடாது.

டாக்டரின் சீட்டு இல்லாமல் வாங்குவது ஏன் ஆபத்து என்பதற்கு 2015இல் வந்த செர்வ்-எச்எஃப் ஆய்வு போதும். மூளையின் கட்டளை தவறுவதால் மூச்சு நிற்கும் இன்னொரு வகை உண்டு, இதயம் பலவீனமானவர்களிடம் அதிகம் காணப்படுவது. அவர்களுக்கென்று ஏஎஸ்வி என்ற நுட்பமான கருவி வந்தது. இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 45 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவர்களிடம் அதைச் சோதித்தபோது, மூச்சு சீரானது, ஆனால் இதய நோயால் இறந்தவர்கள் கருவி வைத்தவர்களிடையே அதிகம். தயாரிப்பாளரே உலகெங்கும் எச்சரிக்கை அனுப்பினார். விலை உயர்ந்த கருவி தவறான ஆளுக்குப் போனால் கேடு செய்யும்.

நம் வெப்பம், நம் புகை

வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத சில சங்கடங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு. ஏர்கோன் 18 டிகிரியில் ஓடும் அறையில் மெஷினின் ஈரப்பதத் தொட்டி வெதுவெதுப்பான நீராவியை அனுப்பும். குளிர்ந்த குழாயில் அது நீராகி, நள்ளிரவில் மூக்கில் சொட்டும். குழாயில் களகளவென்று சத்தம் கேட்டால் மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்குப் போன் போடுகிறார்கள். ஏர்கோனை இரண்டு மூன்று டிகிரி கூட்டுங்கள், ஈரப்பத அளவைக் குறையுங்கள், அல்லது சூடாக்கும் குழாய் வாங்குங்கள். ஏர்கோன் இல்லாத வீட்டில், நம் சீதோஷ்ணத்தில், ஈரப்பதத் தொட்டியை மிகக் குறைவாக வைத்தாலே பலருக்குப் போதும். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். மினரல் வாட்டரில் இருக்கும் உப்பு தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். மிச்ச நீரைத் தினமும் காலையில் கொட்டிக் காயவைக்க வேண்டும்.

புகைமூட்டக் காலத்தில் வடிகட்டியைப் பாருங்கள். கிள்ளான் ஜொகான் செத்தியாவில் கரிமண் நிலம் பற்றியெரியும் வாரங்களில், வெள்ளையாக இருக்க வேண்டிய வடிகட்டி சில நாட்களிலேயே சாம்பல் நிறமாகிவிடும். மாதம் ஒன்று என்ற கணக்கு அப்போது செல்லாது. அது தூசியைத்தான் தடுக்கும், புகையின் வாயுவைத் தடுக்காது. அறைச் சன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும்.

"அப்பா மெஷின் சும்மாதானே கிடக்கு"

தந்தை இறந்தபின் அவருடைய மெஷினை மகன் எடுத்துக்கொள்வதும், அண்ணன் மாற்றியதும் பழையது தம்பிக்குப் போவதும் நம் குடும்பங்களில் நடக்கிறது. காசு கொடுத்த பொருளை வீணாக்க மனம் வராது, நியாயம்தான். ஆனால் 2021 ஜூன் 14 அன்று பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் உலகெங்கும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மூச்சுக் கருவிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. ட்ரீம்ஸ்டேஷன் வரிசையின் முதல் தலைமுறையும் அதில் அடக்கம். மோட்டார் சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு உதிர்ந்து, கரும்பொடி காற்றோடு மூச்சுக்குள் போகலாம், ரசாயன வாயுவும் கசியலாம் என்பது காரணம். வெப்பமும் ஈரப்பதமும் ஓசோன் வாயுவால் சுத்தம் செய்வதும் அந்தச் சிதைவைக் கூட்டக்கூடும் என்றார்கள். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் நம் ஊரில் பஞ்சமே இல்லை. அந்த விவகாரத்தில் அமெரிக்காவில் உடல்நல வழக்குகளுக்காக மட்டும் 110 கோடி டாலர் தர 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய மெஷினின் பெயரையும் வரிசை எண்ணையும் முதலில் பாருங்கள், திரும்பப் பெறப்பட்டதா என்று விசாரியுங்கள். அது நல்லதாகவே இருந்தாலும் அப்பாவின் அழுத்தம் மகனுக்கு ஆகாது. மாஸ்க்கும் குழாயும் வடிகட்டியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். புதிதாக இணையத்தில் வாங்குவதாக இருந்தாலும் ஒரு சோதனை அவசியம். 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டப்படி இங்கே விற்கப்படும் இத்தகைய கருவி, மருத்துவக் கருவிகள் ஆணையமான எம்டிஏவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். எண் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

எத்தனை மணி நேரம்?

2016இல் வெளிவந்த சேவ் ஆய்வைச் சொல்லாமல் மெஷினை மட்டும் புகழ்ந்தால் அது நேர்மையாகாது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,700க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, இந்தியாவிலிருந்தும் நோயாளிகள் சேர்ந்தார்கள். சிபேப் வைத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அவர்கள் மெஷினைப் போட்டிருந்த சராசரி நேரம் இரவுக்கு 3.3 மணி. அவ்வளவு குறைவாகப் போட்டதுதான் காரணமா என்று நிபுணர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நோயாளிக்கு இதில் கிடைக்கும் செய்தி நேரடியானது. நாலு மணிக்குக் கழற்றிவிட்டு மிச்ச இரவைத் தூங்கினால், விடியற்காலையின் கனவுத் தூக்கத்தில், மூச்சடைப்பு பலருக்கு மோசமாகும் அதே நேரத்தில், காப்பு இல்லை.

முதல் இரண்டு வாரம் கடினம். மாலையில் அஸ்ட்ரோவில் நாடகம் பார்க்கும்போது அரை மணி நேரம் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்காருங்கள், முகம் பழகும். பகல் தூக்கத்துக்கும் போடுங்கள். நடு இரவில் கழற்றிவிட்டால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம், மறுபடி மாட்டுங்கள். காலையில் திரையில் தெரியும் எண்களைப் பாருங்கள்: மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது, எவ்வளவு காற்று கசிந்தது. மூச்சு நிற்பது 5க்குக் கீழே வந்திருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. அந்த எண்களைப் பார்த்து அழுத்தத்தையும் மாஸ்க்கையும் மாற்றித் தர ஆள் இருக்கும் கடைதான் நல்ல கடை. இருநூறு ரிங்கிட் மலிவு என்பதற்காக அப்படிப்பட்ட ஆளை இழக்காதீர்கள். ஒரு வாரமாவது வாடகைக்கோ சோதனைக்கோ தரச் சொல்லிக் கேளுங்கள்.

பணம்தான் பெரிய தடை. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் வாழும் செக்யூரிட்டிக்கோ துப்புரவுத் தொழிலாளிக்கோ இந்த மெஷின் மாதக்கணக்கான சம்பளம். மருத்துவக் காப்புறுதிகள் பல இதை ஏற்பதில்லை, உங்கள் பத்திரத்தைப் பார்த்துக் கேளுங்கள். வசதியில்லாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவுக்குப் போய் சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அரசாங்க ஊழியர்களும் ஓய்வூதியக்காரர்களும் நிபுணரின் கடிதத்தோடு தங்கள் துறை வழியாக விசாரிக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் இன்னும் இருக்கும் ரயில்வே ஓய்வூதியக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இவர்கள் எல்லோரையும்விட எனக்குக் கவலை லோரி, பஸ் ஓட்டுநர்களைப் பற்றித்தான். கிள்ளான் துறைமுகத்திலிருந்து இரவெல்லாம் கன்டெய்னர் இழுப்பவர் குறட்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். சொன்னால் சரக்கு வாகனம் ஓட்டும் ஜிடிஎல் லைசன்ஸ் போய்விடும் என்ற பயம். சிகிச்சை எடுத்து, மெஷினின் பதிவைக் காட்டும் ஓட்டுநர், மறைத்து ஓட்டுபவரைவிடப் பல மடங்கு பாதுகாப்பானவர். லைசன்ஸுக்கான மருத்துவப் பரிசோதனையிலேயே குறட்டையைப் பற்றிக் கேட்டு, இருப்பவருக்குப் பரிசோதனையும் மெஷினும் கிடைக்க வழிசெய்து, அதுவரை அவருக்குப் பகல் வேலை கொடுக்கும் ஏற்பாட்டை முதலாளிகளும் அரசாங்கமும் சேர்ந்து செய்ய வேண்டும். கோவில் சங்கங்களும் நம் பொது அமைப்புகளும் சக்கர நாற்காலி தானம் செய்கின்றன. புதிய, பதிவுபெற்ற சில மெஷின்களை வாங்கி, டாக்டர் சீட்டோடு வருபவருக்கு முதல் மாதம் இரவல் கொடுத்தால், ஒருவர் தன்னால் பழக முடியுமா என்று தெரிந்தபின் காசைப் போடுவார்.

எல்லோருக்கும் மெஷின்தான் வழி என்றும் இல்லை. லேசான நிலையில் ஒருக்களித்துப் படுப்பதும், உடல் எடை குறைப்பதும், தாடையை முன்னால் நிறுத்தும் பல் கருவியும் சிலருக்குப் போதும். பருமன் உள்ளவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் இதற்காக அனுமதித்திருக்கிறது. எது உங்களுக்கு என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

இன்றிரவு வீட்டில் யாராவது குறட்டைவிட்டு நடுவில் மூச்சு நின்றால், கைப்பேசியில் ஒரு நிமிடம் ஒளிப்பதிவு செய்துகொள்ளுங்கள். அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் அதைக் காட்டிப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸ் யுகேஎம் ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் தூக்கப் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. காத்திருப்பு நீளலாம், அதனால் இந்த வாரமே பெயரைக் கொடுத்துவிடுங்கள். சுகாதார அமைச்சின் கிளினிக்கில் குடிமக்கள் டாக்டரைப் பார்க்கக் கட்டணம் ஒரு ரிங்கிட்.